மைலேஜ் கேட்காத வாடிக்கையாளர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு முதல் நாளே கழுத்தில் ஒரு டை கட்டிவிட்டிருப்பார்கள். பெரம்பலூர் வெயிலில் அதைக் கழற்றி மேசை டிராயரில் போடும் நாள்தான் நீங்கள் பிக்கப் வண்டி விற்கத் தொடங்கும் நாள். அதுவரை நீங்கள் ஷோரூமுக்கு அழகு சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் வண்டியின் சிறப்பம்சங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் வழவழப்பான காகிதத்தில் இருக்கிறது. அதில் உள்ள எதையும் எந்த விவசாயியும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. இத்தனை கிலோதான் ஏற்றலாம் என்று கம்பெனி வண்டியின் பக்கவாட்டில் எழுதி அனுப்புகிறது. நம் ஆட்கள் அதை ஆரம்ப எடை என்று படிக்கிறார்கள். சாவி வாங்கிய கையோடு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பிளேட் சேர்த்து, தொட்டிக்கு மேலே பலகை அடித்து உயர்த்தி, முன்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரை எழுதிய பிறகுதான் அது இங்கே வண்டி. கம்பெனி ஏதோ விளம்பரத்துக்காக 'ஹெவி டியூட்டி' என்று சொல்லி வைத்தது. நம்மவர்கள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எல்லோரும் கேட்பார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே கேட்பார்கள், சிலர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார்கள்: "என்ன மைலேஜ் குடுக்கும்?" அதைக் கேட்காமல் என் வாழ்நாளில் வந்த ஒரே மனிதரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் நம் ஷோரூமில் விற்பனை மேலாளர். எனக்குக் கீழே தேன்மொழி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஆலத்தூர் பக்கத்து ஊர். அவள் அம்மா அடுத்தவர் வயலில் வெங்காயத் தாள் அறுக்கப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். தகுதிகாண் காலம் முடிய அந்த மாதம்தான் மீதி. அதற்குள் ஒரு பிக்கப்பாவது விற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை எங்கள் மண்டல அதிகாரி அவளிடமே போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னதால் டீ கொண்டுவந்தவருக்கும் தெரியும்.

மண்டல அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எங்களுக்கு யோசனை அனுப்புவதுதான் அவருக்கு வேலை. அந்த வருடம் அவர் அனுப்பிய யோசனைக்குப் பெயர் 'லோடு டெமோ'. வாடிக்கையாளர் தன் சொந்தச் சரக்கை நம் வண்டியில் ஏற்றி, தன் சொந்தப் பாதையில் கொண்டுபோய்ப் பார்க்கலாம். வண்டி நம்முடையது, டிரைவர் நம் ஆள், டீசலும் நம்முடையது. வாங்கினால் உண்டு, வாங்காவிட்டாலும் வாடிக்கையாளரின் மனதில் இடம் பிடித்துவிடுவோம் என்று விளக்கம் வேறு. நம் பக்கத்து ஆட்களின் மனதில் இடம் எவ்வளவு விசாலம் என்று அவருக்குத் தெரியாது.

லோடு டெமோ அறிவித்த மறுநாளே வேலுச்சாமி வந்தார். செட்டிகுளம் பக்கத்து விவசாயி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. தேன்மொழி காட்டிய ஒவ்வொன்றையும் கோயிலில் கற்பூரம் பார்ப்பது மாதிரி பார்த்தார். கியரைப் பற்றிக் கேட்டார், டயரைப் பற்றிக் கேட்டார், தொட்டியின் நீளத்தைத் துண்டால் அளந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா லோடு போட்டுப் பாத்தாத்தானங்க தெரியும்."

தேன்மொழிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நாளைக்கே பாத்துடலாம் ஐயா."

மறுநாள் எங்கள் டெமோ வண்டி செட்டிகுளம் போனது. அது சாதா மாடல். திரை கிடையாது, பாட்டு கிடையாது, ஸ்டியரிங் கொஞ்சம் கனம். வேலுச்சாமியின் வயலோரத்தில் வெங்காயப் பட்டறைகள் இருந்தன. வெளியூர்க்காரர்கள் யாராவது உங்களில் இருந்தால் சொல்கிறேன்: சின்ன வெங்காயத்தை விலை வரும்வரை வைத்திருக்க, கல்லின் மேல் மூங்கில் தட்டி கட்டி, காற்றோட்டமாகக் குவித்து, மேலே ஓலை போட்டு மூடுவார்கள். அதுதான் பட்டறை. பிரித்தால் கையோடு ஏற்றி அனுப்பிவிட வேண்டும். பிரித்த பட்டறைமேல் மழை விழுந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்க்காலில் கொட்ட வேண்டியதுதான். அன்று ஒரு பட்டறை பிரித்து, எங்கள் வண்டி தாங்கும் வரைக்கும், பிறகு தாங்காத வரைக்கும் ஏற்றி, கரிசல் காட்டைத் தாண்டி, திருச்சி மண்டியில் இறக்கினார்கள். தேன்மொழி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தாள்.

"நல்லா இழுக்குது பாப்பா," என்றார் வேலுச்சாமி. "ஆனா இது சமதரை. ஏத்தத்துல எப்படின்னு ஒரு தடவ பாத்துட்டா மனசு நெறஞ்சிரும்."

ஏற்றம் பார்க்க அரும்பாவூர் தாண்டிப் பச்சைமலை அடிவாரம் போனார்கள். தற்செயலாக அங்கேதான் அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். தற்செயலாக மகள் வீட்டுக்கு விதை வெங்காயம் தேவைப்பட்டது. அதற்குள் எங்கள் கம்பெனி ஒரு டாப் மாடலை இறக்கியது. சிவப்பு நிறம், பெரிய திரை, அலாய் வீல். விவரம் தெரிந்ததும் வேலுச்சாமி, "பெரிய வண்டியையும் பாக்காம முடிவெடுத்தா தப்பாயிடுங்களே" என்று வந்தார். டாப் மாடல் அரியலூரிலிருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செட்டிகுளம் போனது. அங்கே அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் தேன்மொழி உற்சாகமாகத் திரும்பி வந்தாள். "சார், அவரு வூட்டுல எனக்குச் சோறு போட்டாங்க. அவரு சம்சாரம்கூட, வண்டி வந்தா எங்க நிறுத்துறதுன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. இந்த மாசம் கண்டிப்பா ஆயிரும் சார்." மண்டல அதிகாரி தினமும் போன் செய்து, "அந்த ஹாட் கஸ்டமர் என்ன ஆனார்?" என்று கேட்டார். மற்ற வாடிக்கையாளர் எவரையும் அவளால் கவனிக்க முடியவில்லை. வேலுச்சாமியே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டார். மாதமும் தேய்ந்துகொண்டே வந்தது.

விஷயம் வெளிப்பட்டது ஆர்டிஓ ஆபீஸ் எதிரே இருக்கும் டீக்கடையில். எல்லாக் கம்பெனி விற்பனையாட்களும் வண்டி பதிவுக்கு வந்தால் கூடும் இடம் அதுதான். அங்கே பகை கிடையாது, பஜ்ஜி உண்டு. நானும் தேன்மொழியும் போயிருந்தோம். அரியலூர் ஷோரூம்காரர் பாஸ்கர், எங்களுக்கு நேர் போட்டி, ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

"ஒரு அருமையான கஸ்டமர் சார். நாலஞ்சு லோடு அடிச்சிப் பாத்துட்டாரு. எறையூர் சக்கர மில்லுலேர்ந்து எருவு, ஜெயங்கொண்டத்துலேர்ந்து ஜல்லி. இந்த மாசம் புக்கிங் உறுதி. அவ்வளவு பெரிய மனுசன் சார், மைலேஜ்கூடக் கேக்கல."

தேன்மொழியின் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. "எந்த ஊருங்க அவரு?"

"செட்டிகுளம்."

பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த இன்னொரு கம்பெனிக்காரர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, "தோள்ல துண்டு போட்டிருப்பாரா?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்ததில், அந்த சீசனில் வேலுச்சாமியின் வெங்காயம், எரு, ஜல்லி, சிமெண்டு எல்லாமே இரண்டு மாவட்டத்து ஷோரூம்களின் டீசலில்தான் நகர்ந்திருந்தன. வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தால் எங்கள் அத்தனை கம்பெனிகளின் பெயரையும் பத்திரிகையில் போட வேண்டும்.

பாஸ்கர் கொதித்தார். எல்லா ஷோரூமிலும் வேலுச்சாமியின் போட்டோவை மாட்ட வேண்டும் என்றார். இன்னொருவர் நேரே செட்டிகுளம் போய் நியாயம் கேட்கலாம் என்றார். போய் என்ன கேட்பது? நாமே கூப்பிட்டோம், நாமே சாவி கொடுத்தோம், நாமே டீசல் போட்டோம். அந்த மனிதர் செய்த ஒரே குற்றம், நம் விளம்பரத்தில் எழுதியிருந்ததை நம்பியது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. தேன்மொழிதான் என் கவலை. இந்தப் பிள்ளை வேலையை இழக்கப்போகிறது என்று நினைத்தேன், அது எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வண்டி ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அவரோட பெரிய பட்டற ஒண்ணு இன்னும் பிரிக்கவே இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம், கரிசக்காட்டுல இருக்கு."

"இருந்தா?"

"வெல ஏறிடிச்சுன்னு அம்மா சொன்னுச்சு. எல்லா ஊர்லயும் பிரிக்கிறாங்களாம். வாடக வண்டி ஒண்ணுகூடக் கெடைக்கலையாம். மழை வேற வரும்போல இருக்கு. அவரு நம்மகிட்டதான் சார் வருவாரு."

"வந்து இன்னொரு லோடு அடிப்பாரு."

"வரட்டும் சார்," என்றாள்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் வேலுச்சாமி வந்தார். முகத்தில் வழக்கமான சாந்தம், ஆனால் நடையில் ஒரு அவசரம். வெளியே வானம் மூட்டமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மண்டல அதிகாரி என் போனில். விவரத்தைச் சொன்னேன். இந்த ஆள் வாங்க வரவில்லை, லோடு அடிக்க வந்திருக்கிறார் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "டோன்ட் பி நெகட்டிவ். டாப் மாடலைக் கொடுத்து அனுப்புங்க. இன்னும் ஒரு டெமோவில் அவர் மனசு மாறலாம்." மனசு மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்த மனிதர் இத்தனை டெமோ எடுத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேன்மொழி அவரோடு நின்றுகொண்டிருந்தாள். நான் அதிகாரியின் பேச்சைக் கேட்டு உள்ளே இருந்து கை காட்டினால் அவள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பட்டறை காலியாகும், அவளுடைய நாற்காலியும் காலியாகும். கொடுக்காவிட்டால், மேலதிகாரி சொல்லியும் டெமோ மறுத்ததாக என் தலையில் விழும். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் கிடையாது. நான் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சார், இங்க சிக்னல் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அணைத்தேன். கையும் காட்டவில்லை.

"வாங்க ஐயா," என்றாள் தேன்மொழி. "லோடு டெமோவா?"

"கடைசியா ஒரே ஒரு தடவ பாத்துட்டா முடிவு பண்ணிறலாம் பாப்பா. அந்தச் செவப்பு வண்டியக் கரிசல்ல விட்டுப் பாக்கணும்."

அவள் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "தாராளமா எடுத்துட்டுப் போங்க. டிரைவரும் வருவாரு. டீசல் மட்டும் நீங்க போட்டுக்கங்க."

வேலுச்சாமி சாவியைப் பார்த்தார். வெளியே வானத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகச் செலவொன்றும் இல்லை, ஒரு நடைக்கு ஆகும் டீசல்தான். ஆனால் ஒரு மனிதன் தன் டீசலைப் போடுவதென்று வந்துவிட்டால் வண்டியைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. அவர் சிவப்பு வண்டியைத் தாண்டிப் பின்பக்க முற்றத்துக்குப் போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். அங்கே சாதா மாடல் ஒன்று தூசி படிந்து நின்றது. முதல்முறையாகக் குனிந்து அடியில் பார்த்தார். ஸ்பிரிங்கைத் தட்டினார். பிறகு, இத்தனை வாரங்களாகக் கேட்காததைக் கேட்டார்.

"இது என்ன மைலேஜ் பாப்பா குடுக்கும்?"

ஷோரூமில் எல்லோர் காதிலும் அது விழுந்தது. கணக்கர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்குத் தெரியும், வழவழப்பான காகிதத்தில் ஒரு எண் இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

"பேப்பர்ல போட்டிருக்கறதுல பாதிகூட வராது ஐயா," என்றாள் தேன்மொழி. "நீங்க ஏத்துற லோடுக்கு, உங்க ரோட்டுல, எங்க டீசல ஊத்தி நாங்கதான ஓட்டினோம். எனக்குத் தெரியாதா?"

வேலுச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"நேத்து மத்த எல்லாக் கடைக்கும் போன் போட்டு இதத்தான் கேட்டேன். எல்லாரும் பேப்பர எடுத்துப் படிச்சாங்க. அரியலூர்க்காரரு ரெண்டு தடவ படிச்சாரு. பாதிகூட வராதுன்னு நீதான் சொன்ன. உண்மையும் அதான்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். நம்பகமான வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்களுக்கு யாராவது மூன்று நாள் வகுப்பு எடுத்தால் எடுக்கட்டும். எனக்கு இதுதான் வகுப்பு.

"அந்தச் செவப்பு வண்டி, லோடு இல்லாதப்ப பறக்குதுங்க. ஏத்தினா பின்னாடி குந்திக்குது, லைட்டு வானத்தப் பாக்குது. அரியலூர் வண்டில ஏசி சும்மா ஜில்லுன்னு இருக்கு, வெங்காயத்துக்கு எதுக்குங்க ஏசி? இன்னொருத்தர் வண்டி ஏத்தத்துல நல்லா ஏறும், ஆனா நடுவுல நிறுத்தி எடுத்தா எடுக்கமாட்டேங்குது. அதுல ஒரு லைட்டு எரிஞ்சிது, என்னான்னு பாக்க லேப்டாப்போட திருச்சிலேர்ந்து ஆள் வந்தாரு. அதுவரைக்கும் என் வெங்காயம் ரோட்டுல கெடந்துது. இந்த வண்டி பாட்டுப் பாடாது. ஆனா கரிசல்ல பாதிச் சக்கரம் பொதைஞ்சு தானா வெளிய வந்தது இது ஒண்ணுதான். கெட்டா நம்மூரு மெக்கானிக்கே கை வெப்பான். இன்னிக்குக் குடுக்க முடியுமாங்க?"

பேப்பர் வேலையைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். அன்றைக்கு எங்கள் ஷோரூமில் எல்லோரும் ஓடினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்க நானே ஓடினேன். பொழுது சாய்வதற்குள் வண்டி ஓடையைத் தாண்டிவிட்டது. மறுநாள் மத்தியானத்தில் பெரிய பட்டறை காலி. அதற்கு அடுத்த நாள் விடாமல் மழை. அந்த மழையில் அழுகிய வெங்காயத்தின் நாற்றம் வாரம் முழுக்கப் பெரம்பலூர்ச் சாலையில் வீசியது. அதில் வேலுச்சாமியின் வெங்காயம் இல்லை.

தேன்மொழி வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். "ஒண்ணு வித்துட்டேம்மா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, அதற்குத் தூசியைக் காரணம் சொல்லிக்கொள்ள நான் விரும்பவில்லை.

இதில் யாருக்குப் பெயர் கிடைத்தது என்று கேட்கிறீர்களா? அடுத்த மாதம் திருச்சி ஓட்டலில் கூட்டம். மண்டல அதிகாரி திரையில் வேலுச்சாமியின் போட்டோவைப் போட்டு, 'லோடு டெமோவின் வெற்றி' என்று கைதட்டல் வாங்கினார். அதை எல்லா மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். அந்த வருடம் பல மாவட்டங்களில் விவசாயிகளின் போக்குவரத்துச் செலவு கணிசமாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தேன்மொழி இன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருக்கிறாள். போன மாதம் சும்மா அந்தப் பக்கம் போனேன். எழுந்து நின்று வரவேற்றாள், டீ சொன்னாள். புது மாடல் ஒன்று நின்றது. சுற்றிவந்து பார்த்தேன். டயரைப் பற்றிக் கேட்டேன், கியரைப் பற்றிக் கேட்டேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "லோடு போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?" என்றேன்.

"என்ன லோடு சார்?"

"ஒரு கட்டில், ஒரு பீரோ. பொண்ணு வரதராஜன்பேட்டையில வீடு மாத்துறா."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். மரியாதை குறையவில்லை, சிரிப்புதான் உதட்டோரத்தில் நின்றது. "மைலேஜ் கேக்கவே இல்லையே சார்," என்றாள்.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் வேலுச்சாமிக்குப் போன் போட்டேன். அதே சாதா மாடல், கூடுதல் பிளேட்டோடு, இன்னும் ஓடுகிறது, இப்போது வாடகைக்கும். விசாரித்தார், நலம் கேட்டார், வாடகையில் எனக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. போனை வைக்கப் போகும்போது அவர் அதே பணிவோடு சொன்னார்.

"டீசல் தனிங்க சார்."